புதிய திரையும் பழைய நட்பும்

புதிதாக ஒரு மண்சட்டி வாங்கினால் அதை அன்றைக்கே அடுப்பில் ஏற்றிக் கறி சமைப்பவர் எவருமிலர். நீரில் ஊறவைத்து, கஞ்சி வார்த்துக் காய்ச்சி, இரண்டொரு நாள் பழக்கி எடுத்த பின்னரே அது சமையலுக்கு உதவும். புதுச் செருப்பு நாலு நாள் காலைக் கடித்த பின்பே காலோடு இணங்கும். புதுச் சைக்கிளின் இருக்கையை ஏறுபவரின் உயரத்துக்கேற்ப ஏற்றவோ இறக்கவோ வேண்டும். இந்த உண்மையைச் சட்டிக்கும் செருப்புக்கும் ஒப்புக்கொள்ளும் உலகம், மின்சாரத்தால் இயங்கும் பொருள்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. பெட்டியைத் திறந்து, கம்பியைச் செருகி, ஆளியைத் தட்டியதும் அது தன் முழுத் திறமையையும் காட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கின்றது. காட்டாவிடின் பொருள் கூடாது என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றது.

கணினிக்குப் பூட்டும் புதிய திரை, அதாவது பிள்ளைகள் மொனிற்றர் என்று சொல்லும் பொருள், இவ்வாறு அவசரத் தீர்ப்புக்கு ஆளாகும் பொருள்களில் ஒன்று. கணினி விளையாட்டுப் பற்றிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுதுவதா என்று முகஞ்சுழிக்கும் பெற்றோர் சிலர் இருக்கக்கூடும். அவர்களும் இதனை இறுதிவரை வாசிக்க வேண்டும் என்பது நமது விண்ணப்பம். ஏனெனில் நம் வீட்டில் இவ்விஷயம் விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை.

நம் மைந்தனுக்கு இப்போது பதினேழு வயது. உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் கற்கின்றான். முதலாம் வகுப்பு முதல் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழன் ஒருவன் இருந்தான். நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கி, 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றுபோனதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பின்னான மாதங்களில் ஊரைவிட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல. அவற்றுள் அத்தோழனின் குடும்பமும் ஒன்று. அவன் இப்போது கனடாவில், ரொறன்ரோ நகரில் இருக்கின்றான்.

பிரிந்துபோன பிள்ளைகள் தொலைபேசியில் அதிகம் பேசுவதில்லை. பதினேழு வயது ஆண்பிள்ளைகளுக்கு, 'சுகமா?' 'சுகம்' என்பதற்குமேல் பேசத் தெரியாது. ஆனால் இருவருமாகச் சேர்ந்து ஒரு காரியத்தில் ஈடுபட்டால், அந்தக் காரியத்தினூடே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். இவ்விருவருக்கும் அந்தக் காரியம் 'போர்சா ஹொரைசன் 5' என்னும் கார் ஓட்ட விளையாட்டு. இங்கிலாந்திலுள்ள நிறுவனமொன்று ஆக்கி 2021 நவம்பரில் வெளியிட்ட இவ்விளையாட்டு, மெக்சிக்கோ நாட்டின் பாலைநிலங்களையும் மலைகளையும் களமாகக் கொண்டது. ஞாயிறு தோறும் மாலை ஏழு மணிக்கு நம் மகன் யாழ்ப்பாணத்தில் கணினியின் முன் அமர்வான். அங்கே கோடைகாலத்தில் அப்போது காலை ஒன்பதரை மணி. இருவரும் கண்காணாத மெக்சிக்கோவின் தெருக்களில் கார் ஓட்டியபடி, பழைய வாத்திமாரையும் புதிய பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அறைக்கு வெளியே இருந்து அந்தச் சிரிப்பொலியைக் கேட்டிருக்கின்றோம்.

சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றமைக்காக, பையனின் மாமா கொழும்பிலிருந்து வரும்போது புதிய மொனிற்றர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்துநாலு அங்குலத் திரை. செக்கனுக்கு 144 தடவை தன்னைப் புதுப்பிக்கும் வல்லமை உடையது என்று பெட்டியில் எழுதியிருந்தது. இத்தனை சிறப்பு வாய்ந்த திரையில் விளையாட்டோ பழையதைவிட மோசமாக ஓடியது. நிறங்கள் வெளிறிக் கிடந்தன. கார் ஓடும்போது காட்சி தடக்குப்பட்டுத் தடக்குப்பட்டு நகர்ந்தது. வளைவுகளில் ஒரு கணம் அப்படியே உறைந்து நின்று, விழித்தபோது கார் வேலியில் மோதியிருக்கும். இரண்டு ஞாயிறு இவ்வாறு கழிந்தன. மூன்றாம் ஞாயிறு இரவு பையன் நம்மிடம் வந்து நின்றான்.

"அப்பா, பழைய மொனிற்றரிலை இதைவிட நல்லா ஓடினது. மாமாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, மனம் நோவார்," என்றான். சற்று நேரம் நின்றபின், "அவன் இனி அங்கத்தைப் பெடியளோடை விளையாடப் போறானாம்," என்றும் சொன்னான்.

சமையலறையிலிருந்து அவனுடைய தாயாரின் குரல் வந்தது: "சோதனை முடியுமட்டும் உந்தப் பெட்டியை மூடி வையுங்கோ. திரை கூடாதெண்டால் இன்னும் நல்லது."

தாயாரின் கவலையிலும் நியாயம் உண்டு. ஆயினும் பையன் சொன்ன இரண்டாவது வாக்கியம் நம்மை உறுத்தியது. 1995 ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நமக்கும் ஏறக்குறைய இதே வயது. நம்மோடு ஒரே வாங்கில் இருந்த நண்பர் அந்தச் சனத்திரளில் நம்மைப் பிரிந்து வன்னிக்குச் சென்று, அங்கிருந்து வெளிநாடு போய்ச் சேர்ந்தார். முதலில் இரண்டு கடிதங்கள் மாதக் கணக்கிற் பிந்தி வந்தன. பின் அவையும் நின்றுபோயின. அக்காலத்தில் தூரத்தை வெல்வதற்கு நம் கையில் எந்தச் சாதனமும் இருக்கவில்லை. இப்போது சாதனம் இருக்கின்றது. அது ஒழுங்காக ஓடவில்லை, அவ்வளவே. பௌதிகவியல் கற்பிக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில், ஒரு சாதனம் ஏன் ஓடவில்லை என்று பாராமலே மூடிவைப்பது தகாது என்று நமக்குப் பட்டது. தந்தையும் மகனுமாகக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம்.

மாணவருக்கு ஆய்வுகூடத்தில் நாம் முதலிற் சொல்லும் விதி, ஒரு தடவையில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது. நாலைந்தை ஒருமிக்க மாற்றினால் நோய் தீர்ந்தாலும் எந்த மருந்தால் தீர்ந்தது என்று தெரியாது. ஆகவே முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, விளையாட்டைத் தனியே ஓடவிட்டோம். அப்போதும் தடக்கியது. எனவே குற்றம் கனடாவுக்குச் செல்லும் வழியில் அன்று, மேசையின் மேலேயே இருக்கின்றது என்பது தெளிவாயிற்று. பலர் விளையாட்டுத் தடக்கியவுடன் இணைய இணைப்பைக் குறைகூறி, அதிக மாதக் கட்டணம் உள்ள இணைப்புக்கு மாறுகின்றனர். இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்தால் அந்தப் பணம் மிச்சமாகக் கூடும்.

அடுத்து, திரை உண்மையில் என்ன வேகத்தில் இயங்குகின்றது என்று பார்த்தோம். திரையில் நாம் காண்பது அசையும் காட்சி அன்று. ஒன்றன்பின் ஒன்றாக மாறும் அசையாப் படங்களின் வரிசையே. செக்கனுக்கு எத்தனை தடவை திரை தன்னைப் புதுப்பிக்கின்றதோ அதுவே அதன் மீடிறன். அதனை ஹேர்ட்ஸ் என்னும் அலகால் அளப்பர். 60 ஹேர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144 ஹேர்ட்ஸில் 6.9 மில்லிசெக்கன் மட்டுமே நிற்கும். புதிய மொனிற்றரைப் பூட்டியதும் கணினி தானாகவே உயர்ந்த வேகத்துக்கு மாறிவிடும் என்று கொள்ளலாகாது. விண்டோஸ் செற்றிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று உள்ளே சென்று பார்த்தபோது, நம் திரை 60 ஹேர்ட்ஸில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அறுபதை நூற்று நாற்பத்துநாலாக மாற்ற அங்கே இடமும் இருக்கவில்லை.

காரணம் கம்பி. பழைய திரையிலிருந்த எச்.டி.எம்.ஐ. கம்பியே புதியதிலும் பூட்டப்பட்டிருந்தது. சில மொனிற்றர்களின் எச்.டி.எம்.ஐ. வாயில் முழு வேகத்துக்கு இடந்தருவதில்லை. மொனிற்றரோடு பெட்டிக்குள் வந்த டிஸ்பிளே போர்ட் கம்பி உறை பிரிக்காமலே கிடந்தது. அதனை எடுத்துக் கிராபிக்ஸ் காட்டில் நேரே பூட்டியதும் 144 என்னும் எண் பட்டியலில் தோன்றிற்று. கணினிப் பெட்டியின் பின்புறத்தில் தாய்ப்பலகைக்குரிய வாயிலும் கிராபிக்ஸ் காட்டுக்குரிய வாயிலும் தனித்தனியே இருக்கும். முதலாவதில் கம்பியைச் செருகினால், பணம் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் காட் வேலையின்றிக் கிடக்க, கணினியின் சிறு ஓவியனே படம் வரைந்துகொண்டிருப்பான். வாசகர்கள் இதையும் கவனிப்பது நன்று.

கம்பி மாறியதும் இன்னொரு நோயும் அதனோடு தீர்ந்தது. எச்.டி.எம்.ஐ. வழியே செல்லும்போது, கணினி சில வேளைகளில் மறுமுனையில் இருப்பது தொலைக்காட்சிப் பெட்டி என்று எண்ணிக்கொள்ளும். தொலைக்காட்சி முறையில் கறுப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கணினித் திரையிலோ கறுப்பு 0, வெள்ளை 255. எனவே அங்கிருந்து வந்த கறுப்பு இங்கே சாம்பலாகத் தெரியும். காட்சி முழுவதும் சலவையில் வெளுத்த சீலைபோல் இருக்கும். கிராபிக்ஸ் காட்டின் நிற அமைப்பில் 'புல்' என்னும் முழு வீச்சைத் தெரிவு செய்தாலும் இந்நோய் தீரும். வெளிறிய திரையைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இதனைப் பார்க்கலாம்.

ஆயினும் முக்கியமான நோய் தீரவில்லை. தடக்கல் அப்படியே இருந்தது. இங்கே சிறு கணக்கொன்று தேவைப்பட்டது. பழைய திரை 1366க்கு 768 புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் ஏறக்குறையப் பத்து இலட்சத்து ஐம்பதாயிரம் புள்ளிகள். புதியது 1920க்கு 1080. அதாவது இருபது இலட்சத்து எழுபத்து மூவாயிரத்துக்கு மேல். கணினியின் உள்ளே இருந்த கிராபிக்ஸ் காட்டோ 2019இல் வெளிவந்த, 4 ஜிகாபைற் நினைவகமுள்ள ஜி.ரி.எக்ஸ். 1650, முன்பு யாரோ பாவித்ததைக் கைமாற்றாக வாங்கியது. ஆள் அதே ஆள். தலையில் ஏற்றிய மூட்டை மட்டும் இரட்டித்துவிட்டது. போதாக்குறைக்கு, புதிய திரையின் அழகை முழுவதும் காண வேண்டும் என்ற ஆசையில் பையன் விளையாட்டின் கிராபிக்ஸ் அமைப்புகள் அனைத்தையும் உச்சத்துக்கு ஏற்றியிருந்தான். அது இளமையின் இயல்பு.

இவ்விளையாட்டிற் சோதனை ஓட்டம் ஒன்று உண்டு. கார் தானாகவே ஒரு பாதையில் ஓடி, செக்கனுக்கு எத்தனை படம் வரையப்பட்டது என்று முடிவில் மதிப்பெண் கொடுக்கும். உச்ச அமைப்பில் நம் கணினி பெற்ற சராசரி 38. சினிமா செக்கனுக்கு 24 படத்தோடு அழகாக ஓடவில்லையா, 38 போதாதா என்று கேட்கலாம். சினிமாவில் ஒவ்வொரு படமும் ஒரே கால இடைவெளியில் வருகின்றது. கமெராவில் அசைவு மங்கலாகப் பதிவதால் ஒன்றோடொன்று இழைந்தும் விடுகின்றது. பார்ப்பவர் கதிரையில் சாய்ந்திருக்கிறாரேயன்றிக் காரைத் திருப்புவதில்லை. விளையாட்டிலோ திருப்பியது கைக்கு உடனே தெரிய வேண்டும்.

அன்றியும், சராசரி என்பது பெரும் மாயக்காரன். ஒரு மாணவன் ஒவ்வொரு தவணையும் ஐம்பது புள்ளி எடுக்கின்றான். இன்னொருவன் ஒரு தவணை தொண்ணூறும் மறு தவணை பத்தும் எடுக்கின்றான். இருவர் சராசரியும் ஒன்றே. ஆனால் ஆசிரியரின் கவலை இருவர் பற்றியும் ஒன்றாகாது. செக்கனின் முதற் பாதியில் 59 படங்கள் ஓடிவந்து, கடைசி ஒரு படம் மட்டும் அரைச் செக்கன் எடுத்துக்கொண்டால் கணக்கில் அது செக்கனுக்கு 60 படமே. கண்ணுக்கோ அது தடக்கல். ஆகவே வேகத்தினும் சீரே பெரிது. மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் ஒலிநாடாவைப் பாடவிட்ட யாழ்ப்பாணத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேகமாகச் சுற்றுபவரைவிடச் சீராகச் சுற்றுபவரையே எல்லாரும் விரும்பினோம். களைத்தவர் கை தளர்ந்தால் பாட்டும் இழுபட்டு அழும்.

பின்பு அமைப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் சோதனை ஓட்டம் ஓடி, பெறுபேற்றைக் கொப்பியில் எழுதினோம். முதலில் ரெக்ஸ்சர் எனப்படும் மேற்பரப்புச் சித்திரங்கள். சுவரின் கல், மரத்தின் பட்டை, மண்ணின் நிறம் ஆகியவை இவற்றால் அமைவன. இவை கிராபிக்ஸ் காட்டின் நினைவகத்துள் அடங்கும்வரை வேகத்தை அதிகம் குறைப்பதில்லை. அடங்காமற் போனாலோ, அட்டாளையில் இடமின்றிச் சாமானை ஓயாமல் ஏற்றி இறக்குபவன் நிலைதான். வளைவுகளிற் காட்சி உறைந்தது இதனாலேயே. நடுத்தரத்துக்கு இறக்கியதும் உறைதல் நின்றது.

அடுத்தது நிழல். கணினி நிழலை வரைவதற்கு, ஒளி வரும் திசையிலிருந்து அதே காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்க்கின்றது. ஆதலால் உயர்ந்த நிழல் பெருஞ்செலவுக்காரன். விளிம்புகளின் அரிவாட்பல் போன்ற நெளிவை மறைக்கும் எம்.எஸ்.ஏ.ஏ. என்னும் அமைப்பும், நீரிலும் கார்க் கண்ணாடியிலும் தோன்றும் பிரதிபிம்பமும் அவ்வாறே. இவற்றை இறக்கினோம். கார்களின் நுணுக்கத்தை மட்டும் உயர்வாகவே விட்டோம். கண் எப்போதும் நிற்பது அங்கேயாகையால். எதைக் குறைத்தால் கண் கண்டுபிடியாதோ அதைக் குறைத்து, எதைக் குறைத்தால் மனம் குறைப்படுமோ அதைக் காப்பாற்றுதல், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எவர்க்கும் பழக்கமான வித்தையே. முடிவிற் சராசரி 76. மிகத் தாழ்ந்த வேளையிலும் அறுபதுக்குக் கீழே போகவில்லை.

இன்னும் ஒரு குறை எஞ்சியது. திரையின் நடுவே சில வேளை காட்சி இரண்டாகக் கிழிந்ததுபோல் தோன்றிற்று. கிராபிக்ஸ் காட் தன் போக்கில் வரைய, திரை தன் போக்கிற் புதுப்பிக்க, மேற்பாதி பழைய படமும் கீழ்ப்பாதி புதிய படமுமாகக் கலந்துவிடுவதே இதன் காரணம். பழைய பரிகாரம் வி-சிங்க். அது குறிகட்டுவான் துறையில் மணிக்கூட்டைப் பார்த்துப் புறப்படும் படகு போன்றது. ஒரு கணம் பிந்திய பயணி அடுத்த படகு வரை காத்திருக்க வேண்டும். 60 ஹேர்ட்ஸில் 16.7 மில்லிசெக்கனுக்குள் படம் முடியாவிடின், அது 33 மில்லிசெக்கன் ஆகும்வரை வெளிவராது. கிழியல் நீங்கும், தடக்கல் கூடும். புதிய பரிகாரம், பயணி ஏறியபின் படகைப் புறப்படச் செய்வது. படம் எப்போது முடிகின்றதோ அப்போதே திரை புதுப்பித்துக்கொள்ளும். என்விடியா நிறுவனம் 2013இல் ஜி-சிங்க் என்ற பெயரால் இதனை அறிவித்தது. 2014இல் இது டிஸ்பிளே போர்ட் நியமத்தினுள் ஒரு பகுதியாயிற்று. 2015இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிறீசிங்க் திரைகள் சந்தைக்கு வந்தன. 2019 ஜனவரி முதல் என்விடியாவின் காட்டுகளும் அத்தகைய திரைகளோடு இணங்கி இயங்கத் தொடங்கின. நம் திரையில் இது 48 முதல் 144 ஹேர்ட்ஸ் வரை இயங்கும். திரையின் பட்டியலிலும் கணினியிலும், இரண்டு இடத்திலும், இதனை இயக்கிவிட வேண்டும். அத்தோடு செக்கனுக்கு 70 படம் போதும் என்று ஓர் எல்லையும் வகுத்தோம். 144க்கு ஆசைப்பட்டு 76க்கும் 60க்கும் இடையே ஊசலாடுவதைவிட, எழுபதில் நிலைத்து நிற்றல் கண்ணுக்கு இதமாக இருந்தது.

திரையின் சொந்தப் பட்டியலில் 'ஓவர்டிரைவ்' என்றொன்று உண்டு; ஓடும் பொருளின் பின்னே நிழல்வால் தோன்றாமல் புள்ளிகளை விரைவுபடுத்துவது. அதனை உச்சத்தில் வைத்தால் நிழல்வாலுக்குப் பதிலாக வெள்ளைவால் முளைக்கும், நடுத்தரமே நன்று. கடையிற் கண்ணைக் கவர்வதற்காக வெளிச்சத்தை மிகையாக வைத்து அனுப்புவதும் உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையின் அருகே பிடித்துப் பாருங்கள். தாளைவிடத் திரை விளக்குப்போல் எரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். திரை ஒரு கையெட்டும் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருத்தல் வேண்டும். திரையைப் பார்க்கும்போது கண்ணிமைத்தல் குறைவதால் கண் வரளும். இருபது நிமிடத்துக்கொருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது செக்கன் பார்க்குமாறு கண் வைத்தியர்கள் சொல்கின்றனர். நம் வீட்டில் அதற்கென்றே சன்னலுக்கு வெளியே ஒரு முருங்கைமரம் நிற்கின்றது.

இந்த வித்தைகளுக்கெல்லாம் ஆதிமூலம் ஒரு பௌதிக ஆய்வுகூடமே என்று பையனுக்குச் சொன்னபோது அவன் நம்பவில்லை. நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில், 1958 ஒக்டோபரில், பார்வையாளரை மகிழ்விப்பதற்காக வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிகவியலறிஞர் ஓர் அலைவுகாட்டியின் சிறு திரையில் இருவர் ஆடும் ரெனிஸ் விளையாட்டை அமைத்தார். அது தனியாள் விளையாட்டன்று. இருவர் பக்கத்திற் பக்கம் நின்று ஆடியது என்பதை அழுத்திச் சொன்னோம்.

தாயாரோடும் ஓர் உடன்பாடு வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், விளையாட்டுக்கு அடிமையாதலை ஒரு கோளாறாகச் சேர்த்துள்ளது. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாவற்றிலும் அதற்கே முதலிடம் கொடுத்தல், தீமை கண்டும் தொடர்தல் ஆகியவை, பொதுவாக ஓராண்டளவு நீடித்தால், அதன் இலக்கணமாம். இம்மூன்றையும் மகனின் முன்னிலையிலேயே அவருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை ஏழிலையிருந்து ஒன்பது மட்டும். ஒன்பதுக்குப் பிறகு ஒரு நிமிஷமும் இல்லை. தம்பி, சரியோ?" என்றார்.

"சரி அம்மா," என்றான். அன்று தொட்டு அந்த எல்லை மீறப்படவில்லை.

அடுத்த ஞாயிறு தோழன் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். அன்று பையன் இன்னொரு கேள்வி கேட்டான். "என்ரை கார் இப்ப வழுக்கிக்கொண்டு போகுது அப்பா. ஆனா அவன்ரை கார் இடைக்கிடை துள்ளுது. அதுக்கு என்ன செற்றிங் மாத்த வேணும்?"

அதற்குச் செற்றிங் இல்லை என்றோம். ஒளியிழைக் கம்பியில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். நேர்வழியே சென்றாலும் போய்வர 130 மில்லிசெக்கன் ஆகும். கடலடிக் கம்பிகள் சுற்றுவழியிற் செல்வதால் நடைமுறையில் அது கால் செக்கன் அளவுக்கு வருகின்றது. திரையை மாற்றலாம், கம்பியை மாற்றலாம், நிழலைக் குறைக்கலாம். இந்தக் கால் செக்கனை மட்டும் எவராலும் அகற்ற முடியாது. பையன் கொப்பியில் அந்தக் கணக்கைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தான். பின்னர், "அப்ப அவனுக்கும் என்ரை கார் துள்ளிறமாதிரித்தான் தெரியும், என்ன?" என்றான். ஆம் என்றோம். அவன் முகத்தில் ஒருவகைச் சமாதானம் தோன்றிற்று.

பிள்ளைகளின் திரை தடக்கும்போது அதை மூடிவைக்குமுன், அந்தத் திரைக்கு மறுபக்கத்தில் யார் இருக்கின்றார் என்று ஒருமுறை கேட்டறியுமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். எவரும் இல்லையெனில் மூடுவதில் நட்டமில்லை. ஒருவர் இருப்பாராயின், ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுக் கம்பியையும் எண்களையும் சரிபார்த்துக் கொடுப்பது வீண்வேலை அன்று. நம் தலைமுறையின் நட்புகள் பல வழியில்லாமல் அறுந்துபோயின. வழி இருக்கும் காலத்தில், வெறும் அறுபது ஹேர்ட்ஸ் காரணமாக ஒரு நட்பு அறுந்துபோக நாம் இடங்கொடுக்கலாகாது.